ரகசிய மின் ஆவணங்களை நகலெடுப்பதைத் தடுக்க முடியுமா? கேரளத்தின் ஸ்பிரிங்ளர் வழக்கு உணர்த்துவது என்ன?

திருவனந்தபுரம்: அலுவலகப் பெட்டகத்திலிருந்து ஒரு காகிதக் கோப்பு களவு போனால், அது இருந்த இடம் வெறுமையாகிவிடும். கணினியில் உள்ள கோப்பை ஒருவர் நகலெடுத்துச் சென்றாலோ, மூலக் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். களவு நடந்ததையே உரியவர் பல நேரங்களில் அறிவதில்லை. அறிந்தபோதும், வெளியே சென்ற நகலைத் திரும்பப் பெற வழி இருப்பதில்லை. ரகசிய மின் ஆவணங்களின் பாதுகாப்பு, காகித ஆவணங்களின் பாதுகாப்பிலிருந்து வேறுபடுவது இங்கேதான்.

இச்சிக்கல் கேரளத்தில் நீதிமன்றம் வரை சென்றது 2020-ஆம் ஆண்டில். கொரோனா பரவலின் தொடக்க மாதங்களில், தனிமைப்படுத்தப்பட்டவர்களின் உடல்நல விவரங்களை வார்டு அளவிலான களப்பணியாளர்கள் திரட்டினர். அவற்றைத் தொகுத்து ஆராயும் பணியில், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்ளர் நிறுவனத்தின் மென்பொருளை மாநில அரசு பயன்படுத்தியது. பேரிடர் காலத்தில் பெருந்திரளான தரவுகளை விரைந்து கையாள இந்த ஏற்பாடு தேவைப்பட்டது என்றும், தரவுகள் இந்தியாவில் உள்ள சேவையகங்களிலேயே சேமிக்கப்படுகின்றன என்றும் அரசு விளக்கம் அளித்தது. மக்களின் மருத்துவ விவரங்கள் அவர்களின் ஒப்புதலின்றித் தனியார் நிறுவனத்தின் கைக்குச் செல்வதாக எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. தகராறு எழுந்தால் நியூயார்க் நீதிமன்றங்களையே அணுக வேண்டும் என்ற ஒப்பந்த விதியும் விமர்சனத்துக்கு உள்ளானது.

உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு

இது தொடர்பான மனுக்களை விசாரித்த கேரள உயர் நீதிமன்ற நீதிபதிகள் தேவன் ராமச்சந்திரன், டி.ஆர்.ரவி ஆகியோர் அடங்கிய அமர்வு, 2020 ஏப்ரல் 24 அன்று இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது. அரசின் தொற்றுத் தடுப்புப் பணிக்கு இடையூறு நேரக்கூடாது என்பதைக் கருத்தில் கொண்டு, ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. மாறாக, தரவுகள் கைமாறும் முறைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது.

ஏற்கெனவே திரட்டிய தரவுகளிலிருந்தும் இனித் திரட்டும் தரவுகளிலிருந்தும் தனிநபரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்க வேண்டும். அதன் பின்னரே அவற்றை நிறுவனம் அணுகலாம் என்பது முதன்மையான நிபந்தனை. தங்கள் விவரங்களை மூன்றாம் தரப்பு அணுகக்கூடும் என்பதை மக்களுக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். நிறுவனம் அவற்றை வேறு எவருக்கும் வழங்கக்கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அரசிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பவை ஏனைய நிபந்தனைகள். அடுத்த மாதமே, தரவுகள் திருவனந்தபுரத்தில் இயங்கும் அரசு நிறுவனமான சி-டிட்டின் மேகக் கணினிக் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டதாகவும், அவற்றை ஸ்பிரிங்ளர் இனி அணுக இயலாது என்றும் மாநில அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இந்த நிபந்தனைகளின் வரிசை கவனிக்கத்தக்கது. 'பகிராதே' என்ற தடை ஒருவரின் நேர்மையை நம்பி விதிக்கப்படுவது. அடையாள நீக்கமோ அத்தகைய நம்பிக்கையைச் சார்ந்ததன்று. ஆவணத்தில் இல்லாத பெயரை எவராலும் கசியவிட இயலாது.

பூட்டுகள் எதுவரை காக்கும்?

நடைமுறையில் பெரும்பாலான அலுவலகங்கள் முதலில் நாடுவது கடவுச்சொல்லைத்தான். பி.டி.எஃப் கோப்புகளில் இது இரு வகைப்படும். கோப்பைத் திறப்பதற்கான கடவுச்சொல் உள்ளடக்கத்தையே மறைகுறியாக்கம் செய்கிறது. அது நீளமானதாகவும் எளிதில் ஊகிக்க முடியாததாகவும் இருந்தால் பாதுகாப்பு வலுவானது. அச்சிடுதல், நகலெடுத்தல் ஆகியவற்றை மட்டும் தடுக்கும் கடவுச்சொல் அத்தகையதன்று. கோப்பைத் திறக்கும் மென்பொருள் அந்தத் தடையை மதித்தால் மட்டுமே அது செயல்படும். மதிக்காத மென்பொருள்களும் உண்டு.

அடுத்த நிலையில் இருப்பது உரிமை மேலாண்மை முறை. இதில் கோப்பு மறைகுறியாக்கப்பட்ட நிலையிலேயே அனுப்பப்படுகிறது. அதைத் திறக்கும் திறவுகோல் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும். பெறுபவர் தம் அடையாளத்தை உறுதி செய்த பின்னரே கோப்பு திறக்கும். யார், எப்போது திறந்தார் என்பது பதிவாகும். அனுமதியைப் பின்னர் ரத்து செய்யவும் இயலும். கோப்பை அனுப்பிய பிறகும் அதன் மீது ஓரளவு கட்டுப்பாட்டைத் தக்கவைக்கும் வழி இதுவே.

ஆயினும், கண்ணால் காண முடிகிற எதையும் கேமராவால் பதிவு செய்ய முடியும். திரைப்பிடிப்பை மென்பொருள் தடுத்தாலும், மற்றொரு கைப்பேசியால் திரையைப் படமெடுப்பதைத் தடுக்க இயலாது. இத்தகைய சூழலில் உதவுவது நீர்க்குறி. ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பெறுபவரின் பெயரும் திறந்த நேரமும் மங்கலாகப் பதிக்கப்பட்டால், கசிந்த நகல் எவரிடமிருந்து சென்றது என்பது தெரிந்துவிடும். நீர்க்குறியால் கசிவைத் தடுக்க முடியாது. ஆனால், பிடிபடுவோம் என்ற அச்சத்தை அது ஏற்படுத்துகிறது.

கசிவு நிகழ்ந்த பின் துப்புத் துலக்குவது தடயவியலின் பணி. திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'சைபர்செக்' மென்பொருள் இத்துறையில் உள்நாட்டிலேயே உருவான கருவிகளுள் ஒன்று. ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் மதிப்பு, அக்கோப்பின் கைரேகை போன்றது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். கைப்பற்றப்பட்ட வன்தட்டில் இருப்பது மூலக் கோப்பின் மாறாத நகல்தானா என்பதை இதன் மூலம் உறுதி செய்யலாம்.

நீக்கியது உண்மையில் நீங்கியதா?

அடையாள நீக்கத்திலும் பிழைகள் நேர்வதுண்டு. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் சில பகுதிகள் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தன. பட்டையின் கீழிருந்த எழுத்துகள் அழிக்கப்படாததால், அவற்றை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிய செய்தியாளர்கள் முழுவதையும் படித்துவிட்டனர். மறைப்பது வேறு, நீக்குவது வேறு.

பெயரை நீக்கினால் மட்டும் போதும் என்பதும் சரியன்று. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயரின்றி ஆய்வுக்கு வழங்கப்பட்டன. ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி, அவற்றில் எஞ்சியிருந்த பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டு, அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே அடையாளம் கண்டார். பிறந்த தேதிக்குப் பதிலாக வயது வரம்பையும், முகவரிக்குப் பதிலாக மாவட்டத்தையும் குறிப்பிடுவது இந்த அபாயத்தைக் குறைக்கும்.

சட்டம் சொல்வது என்ன?

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு, அனுமதியின்றிக் கணினித் தரவுகளை நகலெடுப்பவர் இழப்பீடு வழங்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கில் செய்தால், 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஒப்பந்தப் பணியின்போது பெற்ற தனிநபர் விவரங்களை ஒப்பந்தத்தை மீறி வெளியிடுவதை 72ஏ பிரிவு குற்றமாக்குகிறது.

2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் அமைப்புகளுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் தயாராவதற்காக, முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகின்றன.

அபராதமும் சிறையும் கசிவு நிகழ்ந்த பின் வருபவை. அதற்குள் ஒருவரின் நோய் விவரம் அவருடைய அண்டை வீட்டாரையும் பணியிடத்தையும் எட்டியிருக்கக்கூடும். எனவே, ஓர் ஆவணத்தை அனுப்பும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது நலம். பெறுபவருக்கு இதிலுள்ள எல்லா விவரங்களும் தேவையா? தேவையற்றவை உண்மையிலேயே நீக்கப்பட்டனவா? பணி முடிந்ததும் நகல் அழிக்கப்பட்டதை உறுதி செய்பவர் யார்? இவற்றுக்கு விடை கண்ட பிறகே கடவுச்சொல்லும் நீர்க்குறியும் முழுப் பயன் தரும்.