இடையன்குடிக்கு நடந்து வந்த 27 வயசுப் பையன்

காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட் திசையன்விளைப் பக்கத்துக்காரன். முதல் வாரம் ஒருநாள் காலையில் கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டே, "என் சாரத்தைப் பாத்தியாடே?" என்று கேட்டான். கீழ்பென்னாத்தூர்க்காரனான எனக்குச் சாரம் என்றால் கட்டடம் கட்டும்போது சவுக்குக் கழியில் கட்டுவார்களே, அதுதான். இவன் எதற்குக் கட்டிலுக்கு அடியில் அதைத் தேடுகிறான் என்று முழித்தேன். அவன் தேடியது லுங்கி.

இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ்தான். ஒரே மாநிலம், ஒரே சிலபஸ். அப்படியிருந்தும் அவன் வேகமாகப் பேசினால் பாதி புரிய எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

பல வருஷம் கழித்து ராபர்ட் கால்டுவெல் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது இந்தச் சாரம் ஞாபகத்துக்கு வந்தது. கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி என் நண்பனின் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் மிஷனரி என்றால் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம்தான் எல்லோருக்கும் தெரியும். கால்டுவெல் என்றால் பள்ளிப் பாடப் புத்தகத்தில் வரும் ஒரு தாடிக்காரப் பெரியவர், மெரினாவில் ஒரு சிலை, அவ்வளவுதான். அந்தத் தாடி வருவதற்கு முன்னால், யாரையும் தெரியாத ஒரு கிராமத்தில் போய் இறங்கிய இளைஞன் எப்படி இருந்திருப்பான்? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் மூன்று வருஷம்

கால்டுவெல் 1814 மே 7 அன்று அயர்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சின்ன வயசிலேயே குடும்பம் கிளாஸ்கோ போய்விட்டது. டப்ளினில் ஓவியம் படித்தார், அது நிலைக்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரின் வகுப்பில்தான் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் தொற்றியது. லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து, 1838 ஜனவரி 8 அன்று சென்னையில் இறங்கினார். வயசு 23.

வந்த கப்பலில் ஒரு சக பயணி சி.பி. பிரவுன். தெலுங்கு அகராதி தொகுத்த அதே பிரவுன்தான். நான்கு மாதம் கடலில் அப்படி ஒரு ஆளோடு பேசிக்கொண்டு வருவது சின்ன அதிர்ஷ்டம் இல்லை.

சென்னையில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்து தமிழ் படித்தார். ஆனால் நகரம் அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்களோடு மட்டும் பழகலாம், முன்ஷியிடம் புத்தகத் தமிழ் படிக்கலாம், அதோடு வாழ்க்கையை ஓட்டிவிடலாம். 1841-ல் சங்கத்தை விட்டு விலகி, ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. என்ற அமைப்பில் சேர்ந்தார். அவர்கள் அனுப்பிய இடம் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி.

நடை

அன்றைக்கு ஒரு ஐரோப்பியர் ஊர்விட்டு ஊர் போவது என்றால் பல்லக்கு, இல்லாவிட்டால் குதிரை. கால்டுவெல் நடந்தார். சென்னையிலிருந்து தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று போய், அங்கிருந்து நீலகிரி ஏறினார். அங்கே 1841 செப்டம்பரில் பிஷப் ஸ்பென்சர் அவருக்கு உதவிக்குரு பட்டம் கொடுத்தார். பிறகு மலையிறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலி. இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வருஷமே முடியப் போகிறது.

நடந்து போகிற மிஷனரிக்கு ஒரு லாபம் உண்டு. பல்லக்கில் போனால் ஊர் நம்மைப் பார்க்கும். நடந்து போனால், தண்ணீர் கேட்க வேண்டும், வழி கேட்க வேண்டும், எங்கே படுப்பது என்று கேட்க வேண்டும். முன்ஷியிடம் படித்த தமிழை வைத்து, தஞ்சாவூர்க்காரரிடமும் கொங்குக்காரரிடமும் மதுரைக்காரரிடமும் பேசிப் பார்க்க வேண்டும். சாரம் மாதிரி எத்தனை இடத்தில் தடுக்கி விழுந்திருப்பாரோ! எங்கள் தொழிலில் சொல்வதென்றால், டாக்குமென்டேஷன் படித்து முடித்துவிட்டு முதல் தடவை யூசர் முன்னால் போய் உட்காருவது.

தேரிக்காடு

இடையன்குடி, பேரைப் பார்த்தாலே தெரியும், இடையர்கள் குடியிருந்த இடம். கால்டுவெல் வந்தபோது அதைச் சுற்றி இருந்தது செம்மண் தேரியும் பனங்காடும்தான். எங்கள் ஊர்ப் பக்கம் பனை என்றால் ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும். அங்கே பனை என்பது வயலுக்குப் பதில், சம்பளத்துக்குப் பதில், சில மாதங்களில் சோற்றுக்கே பதில்.

பனையேற்று எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அந்த ஊரில் ஒரு புது ஆள் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது புரியும். சீசனில் ஒரு பனையேறி இருட்டோடு எழுந்து அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்புவார். பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பாளையைத் தினமும் சீவ வேண்டும், ஒருநாள் விட்டாலும் ஊறுவது நின்றுபோகும். ஒரு ஆளுக்கு நாற்பது மரம் ஐம்பது மரம், அதுவும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இறக்கிய பதநீரைப் பெண்கள் பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று லண்டன் கணக்கில் அறிவித்தால் யார் வருவார்கள்? பனை சொல்கிறதுதான் நேரம்.

கால்டுவெல் வெறுங்காட்டுக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு நாற்பது வருஷம் முன்பே, 1799-ல், அதே பக்கத்தில் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவாகிவிட்டது. அதை உண்டாக்கியவர்கள் தமிழ் உபதேசியார்கள்தான். இடையன்குடியிலும் ஏற்கெனவே ஒரு சின்ன சபை இருந்தது. வெள்ளைக்கார மிஷனரி வந்து எல்லாவற்றையும் தொடங்கினார் என்கிற கதை பாதிக்கதைதான்.

வந்தவர் முதலில் செய்தது ஒரு இன்ஜினியர் வேலை. சிதறிக் கிடந்த குடிசைகளுக்குப் பதில், நிலம் வாங்கி, நேர்நேராகத் தெருப் பிரித்து, கிணறு வெட்டி, மரம் நட்டு, ஊரை மறுபடி அமைத்தார். பள்ளிக்கூடங்கள் திறந்தார். 1847-ல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அது முடிந்து திறக்கப்பட்டது 1880-ல். 33 வருஷம்!

எலைசா

1844-ல் கால்டுவெல் எலைசா மால்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். பெற்றோர் ஆங்கிலேயர் என்றாலும் தமிழ் பேசும் ஊரில் வளர்ந்தவர். கணவர் இலக்கணம் வழியாக நுழைந்த வீட்டுக்குள் இவர் பின்வாசல் வழியாகச் சாதாரணமாகப் போய் வந்தார் என்று சொல்லலாம். இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். நாகர்கோவிலில் அவர் அம்மா மார்த்தா மால்ட் தொடங்கியிருந்த லேஸ் பின்னும் தொழிலை இங்கேயும் கொண்டு வந்தார். பனை சீசன் இல்லாத மாதங்களில் ஒரு வீட்டுப் பெண்ணின் கையில் தனிக் காசு வருவது சின்ன விஷயமா?

கால்டுவெல் பற்றிய கட்டுரைகளில் எலைசாவுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஊரில் அவர்கள் ஒட்டியதற்கு அவர்தான் பசை என்பது என் எண்ணம்.

பேய்க்குச் சுருட்டு

கால்டுவெல் ஊரைக் கூர்ந்து கவனித்தார், எழுதிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1809-ல் திருவிதாங்கூர் எல்லைக் கோட்டையை ஆங்கிலேயப் படை பிடித்தபோது ஒரு ஆங்கிலேய அதிகாரி காயம்பட்டு இறந்து, ஒரு மணல்காட்டில் புதைக்கப்பட்டார். சில காலம் கழித்து அக்கம்பக்கத்து மக்கள் அவரையும் ஒரு பேயாகக் கும்பிட ஆரம்பித்தார்கள். படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைத்தானே வைக்க வேண்டும்!

கால்டுவெல் இதை மூடநம்பிக்கைக்கு உதாரணமாகத்தான் எழுதினார். எனக்கு வேறு மாதிரி படுகிறது. அந்த மக்கள் ஒரு அந்நியனை எவ்வளவு சுலபமாகத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்! அவன் ஆசைப்பட்டதைக் கவனித்து, அதையே கொடுத்தார்கள். கால்டுவெல் அவர்களை அப்படிச் சேர்த்துக்கொண்டாரா?

1849

இங்கேதான் கதை கசக்கிறது. அந்த ஊருக்கு வந்து எட்டு வருஷம் ஆன பிறகு, 1849-ல், 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற ஆங்கிலச் சிறுநூலை வெளியிட்டார். தான் யாரோடு வாழ்ந்தாரோ, யார் கட்டிய தெருவில் நடந்தாரோ, அந்த மக்களைப் பற்றியது. நூலின் பேரில் இருக்கும் சொல்லையே அந்தச் சமூகம் பிற்காலத்தில் மறுத்தது. 1921 கணக்கெடுப்பில் நாடார் என்ற பேரை அரசு ஏற்றது. உள்ளே அவர்களுடைய அறிவு, பழக்கவழக்கம், மரபு எல்லாவற்றையும் தாழ்த்தி எழுதியிருந்தார். அடுத்த வருஷம் லண்டனிலும் அச்சானது. மிஷன் வேலைக்கு இங்கிலாந்தில் ஆதரவு சேர்ப்பதுதான் நோக்கம். எந்த அளவுக்கு மக்கள் 'கீழே' இருக்கிறார்களோ, அந்த அளவுக்கு நன்கொடை வரும் என்கிற கணக்கு இன்றைக்கும் நமக்குப் புதுசில்லை.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். ஒருபக்கம் பள்ளிக்கூடம் திறந்து அந்த மக்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம். இன்னொரு பக்கம் அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறோம். என்றைக்காவது ஒருநாள் படித்துவிடுவார்களே?

படித்தார்கள். நாசரேத்தில் மிஷன் வேலையில் இருந்து நீக்கப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பவருக்கு ஏற்கெனவே மிஷனரிகள்மேல் கோபம். அதோடு இந்த நூலும் சேர்ந்தது. 1857-ல் ஐரோப்பியப் பாதிரிமாரே வேண்டாம் என்று தனிச் சபையே தொடங்கிவிட்டார். அடுத்த முப்பது வருஷத்தில் படித்த நாடார் இளைஞர்கள் மறுப்பு நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் எழுதித் தள்ளினார்கள். கடைசியில் கால்டுவெல் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டியதாயிற்று.

அதே கை எழுதிய இன்னொரு புத்தகம்

1856-ல், ஊருக்கு விடுப்பில் போயிருந்தபோது, 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' லண்டனில் வெளியானது. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து வரவில்லை என்று 1816-லேயே எல்லிஸ் சொல்லிவிட்டார். கால்டுவெல் அதைப் பெரிய அளவில் விரித்து நிறுவினார். இரவல் வாங்க முடியாத அன்றாடச் சொற்கள், எண்ணுப் பெயர்கள், வினைமுடிவுகள் இவைதான் அவர் ஆதாரம். நம்முடைய நான், நீ தெலுங்கில் நேனு, நீவு. கன்னடத்தில் நானு, நீனு. மூன்று என்பது மூடு, மூரு.

பண்டிதர்களுக்கு நடுவே மட்டும் இருந்திருந்தால் இந்தச் சொற்களின் கனம் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். வடசொல் அதிகம் கலக்காத பேச்சைத் தினமும் காதால் கேட்டது இடையன்குடியில்தான். அப்படியென்றால், மொழியில் யாரிடம் பாடம் கற்றாரோ அவர்களைத்தான் நூலில் தாழ்த்தினார். மொழியைக் கேட்டவர், பேசியவரைக் கேட்கவில்லை.

இந்த இரண்டு புத்தகத்தையும் சேர்த்துத்தான் கால்டுவெல்லைப் படிக்க வேண்டும். ஒன்றை வைத்துச் சிலை, இன்னொன்றை வைத்துச் செருப்பு மாலை என்பதெல்லாம் சோம்பேறித்தனம். அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரோடு இருந்தார். 1877-ல் பிஷப் ஆன பிறகும் சில வருஷம் அங்கேதான் இருந்தார். 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடலைக் கொண்டுவந்து இடையன்குடிக் கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். கோபப்பட்ட ஊர்தான் இடமும் கொடுத்தது.

ஒரு ஊரில் போய்க் குடியேறுவது என்றால் அந்த ஊர் மொழியைப் பேசுவது பாதி. நாம் எழுதுவதை அந்த ஊர் படிக்கும் என்ற நினைப்போடு எழுதுவதுதான் மீதி. முதல் பாதி கால்டுவெல்லுக்குச் சில வருஷத்தில் வந்தது. இரண்டாவது பாதியை ஊர்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

இதை எழுதி முடித்ததும் என் பழைய ரூம்மேட்டுக்குப் போன் பண்ணிப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடே. பனைவெல்லம்னு எழுதிருக்கியே, எங்க ஊர்ல எவம்லே அப்படிச் சொல்லுவான்? கருப்பட்டின்னு மாத்து" என்றான்.

மாற்றிவிட்டேன்.