விஷத்தையே முறிக்கும் கொசு!

புனே வானவடியில் பொழுது சாய்ந்தால் போதும், வீட்டுக்கு வீடு கொசுவர்த்திச் சுருள் புகையும். ஆனாலும் காதோர ரீங்காரம் ஓய்வதில்லை. "மருந்தில் கலப்படம்" என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு. குற்றம் எப்போதும் கடைக்காரர் மேல் இல்லை. கொசுவே மருந்தை முறித்துவிடுவதும் உண்டு.

1 லட்சம், 64 லட்சம் ஆனது

1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். 1965-ல் இந்தியாவில் மலேரியா நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தனர். 1976-ல் அந்தக் கணக்கு 64 லட்சத்தைத் தாண்டியது. பணத் தட்டுப்பாடு, மருந்துத் தட்டுப்பாடு என்று காரணங்கள் பல. டி.டி.டி.க்குச் சாகாத கொசுக்கள் பெருகியதும் ஒரு காரணம்.

மாலையும் குழியும்

கொசுவின் உடலில் நச்சை முறிக்கும் என்சைம்கள் இருக்கின்றன. என்சைம் என்பது புரதம். அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை போன்றது. அந்த மாலை மடிந்து சுருண்டு உருண்டையாகிறது. உருண்டையில் ஒரு குழி இருக்கும். நச்சு அந்தக் குழிக்குள் பொருந்தினால்தான் முறிவு நடக்கும்.

புரத மாலை எப்படி மடியலாம், எப்படி மடிய முடியாது என்று 1963-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும். புரதத்தின் வடிவத்தைச் சரிபார்க்க, அவர்களுடைய வரைபடத்தையே உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

ஒரே ஒரு மணி

ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், டி.டி.டி.க்குச் சாகாத மலேரியா கொசுக்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். 2014-ல் முடிவு வெளியாயிற்று. அவற்றின் ஒரு என்சைமில் 119-வது மணி மட்டும் மாறியிருந்தது. லூசின் இருக்க வேண்டிய இடத்தில் பினைல் அலனின்! அதனால் குழி அகன்றது. டி.டி.டி. தாராளமாக உள்ளே நுழைந்து, முறிந்து, கொசுவுக்குத் தீங்கில்லாத பொருளாயிற்று.

கொசுவர்த்தியில் உள்ள பைரித்ராய்டு மருந்தை முறிப்பதில் பெரும்பங்கு வேறு வகை என்சைம்களுக்கு. அவற்றைச் செயலிழக்கச் செய்யும் பி.பி.ஓ. என்ற பொருள் சேர்த்த கொசுவலைகளை, மருந்துக்குச் சாகாத கொசுக்கள் உள்ள இடங்களுக்கு 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

சுருளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடிக்கலாம். வாளி, டிரம், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை தேய்த்துக் கவிழ்க்கலாம். தேங்கிய நீர் இல்லாவிட்டால் கொசு பிறக்க வழியில்லை. அதை முறிக்க எந்தக் கொசுவிடமும் என்சைம் கிடையாது!