பழைய கம்ப்யூட்டர் பெட்டி: கடைக்கா, வீட்டுக்கா?

சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி வட்டாரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் கணக்கு நோட்டு அளவே உள்ள ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து பில் போடும் கடைகள் உண்டு. பெரிய கம்பெனிகள் அலுவலகத்தில் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் சரக்கு இது. லெனோவோவில் 'டைனி', டெல்லில் 'மைக்ரோ', எச்.பி.யில் 'மினி' என்று பெயர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகள் வழியாக நம் ஊர்ப் பக்கம் வந்து சேருகிறது. இடத்தை அடைக்காது, கரண்ட் குறைவு, விலையும் கைக்கு அடக்கம். ஆனால் நாளாக ஆக அது தவழத் தொடங்குகிறது. வாடிக்கையாளர் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பில் வந்தபாடில்லை. இன்னொரு பக்கம், வீட்டில் வாங்கிய பெரிய டி.வி.யில் இணைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சரக்குக்குப் போட வேண்டிய முதலை இதில் முடக்காமல் இரண்டு காரியத்தையும் முடிக்க வழி இருக்கிறது.

முதலில் பெட்டியின் வயதைப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை என்று அறிவித்தார்கள். தவணை தவணைதான். வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. தாக்கலும் நடக்கும் மெஷினில் விண்டோஸ் 11 இருப்பதே முறை. அதற்கு இன்டெல் பிராசசர் என்றால் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். மூட்டையில் முத்திரை பார்க்கிற மாதிரி பிராசசரின் எண்ணைப் பாருங்கள். ஐ5-6500டி என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண் 6, அதாவது ஆறாவது தலைமுறை. 8500டி என்றால் எட்டு. 10500டி என்று ஐந்து இலக்கம் இருந்தால் பத்து. எட்டும் அதற்கு மேலும் கடையில் இருக்கட்டும். அதற்குக் கீழே உள்ளதை வீட்டு டி.வி.க்கு அனுப்பிவிட்டு, எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றைக் கடைக்குப் பாருங்கள். எட்டாம் தலைமுறையிலும் 'டி.பி.எம்.' என்ற பாதுகாப்பு வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் சொன்னால் பயாஸில் போய்த் திறந்துவிடுவார். இதற்குப் புது போர்டு மாற்றச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

இனி, காசை எதில் போடுவது? கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் என்பது கிட்டங்கி. ராம் மெமரி என்பது கடை மேஜை. கிட்டங்கியில் பையன் நொண்டி நொண்டிச் சரக்கு எடுத்தால் மேஜை எத்தனை நீளம் இருந்தென்ன? பழைய பெட்டிகளில் சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுதான் அந்தப் பையன். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே முதல் செலவு; பல கடைகளுக்கு அதுவே போதும். பில்லிங்குக்கு 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். இதைப் புதிதாக, கம்பெனி உத்தரவாதத்தோடு வாங்க வேண்டும். எழுத எழுதத் தேயும் பொருள் ஆகையால் பழையதை வாங்குவது வீண்.

ராம் அப்படியல்ல. அது தேய்வதில்லை, சோதித்துத் தரும் கடையில் பழையதே வாங்கலாம். 4 ஜி.பி. இருப்பதை 8 ஆக்கினால் போதுமானது. இந்தச் சிறு பெட்டிகளுக்கு லேப்டாப்பில் போடும் குட்டை ராம்தான் பொருந்தும். நான்காம் தலைமுறைக்கு டி.டி.ஆர்.3 எல்., எட்டாம் தலைமுறைக்கு டி.டி.ஆர்.4. ஒன்று மற்றொன்றில் ஏறாது. ஏ.ஐ. மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. அதனால் போன வருஷத்து விலையை மனத்தில் வைத்துப் பேரம் பேச வேண்டாம். அன்றைய விலையை இரண்டு இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

பலர் கவனிக்காத பொருள் அடாப்டர். லெனோவோவுக்கு 20 வோல்ட், டெல், எச்.பி.க்கு 19.5 வோல்ட். டெல் பெட்டி தன் சொந்த அடாப்டரை அடையாளம் காணும். டூப்ளிகேட் போட்டால் பிராசசரின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'மெஷின் ஸ்லோ' என்ற புகாருக்குச் சில சமயம் இதுவே காரணம். எஸ்.எஸ்.டி. வாங்கக் கிளம்பும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

நம் கடற்கரைக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. வாலிநோக்கம் உப்பளக் காற்று உடம்புக்கு எப்படியோ, எலக்ட்ரானிக் சாமானுக்கு ஆகாது. காற்றில் உள்ள உப்பும் ஈரமும் செம்பு இணைப்புகளில் பச்சை பூக்கச் செய்யும். இதோடு மளிகைக் கடையின் மாவுத் தூசி, மிளகாய்த் தூசி வேறு. இவை மின்விசிறியில் அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் வேகம் குறையும். பெட்டியை உப்பு மூட்டைக்கும் மிளகாய்ச் சாக்கிற்கும் எட்ட, மேஜைக்குக் கீழே அல்லாமல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பாலித்தீன் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வெந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் காற்றடித்து, பிராசசர் மேல் உள்ள பேஸ்ட்டைப் புதுப்பித்தால் செலவு கொஞ்சம்தான். மெஷின் திடீரென்று உயிர் பெறாவிட்டால் ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டிப் பாருங்கள். யு.பி.எஸ். அவசியம். இவ்வகைப் பெட்டிக்கு அடாப்டர் பெரும்பாலும் 65 வாட்தான். ஆகவே சிறிய 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸே பெரிய டவர் கம்ப்யூட்டரைவிட இதை அதிக நேரம் தாங்கும்.

வீட்டுக்குப் போகும் பழைய பெட்டிக்கு வருவோம். அதற்கும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. மட்டும் போதும். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் ஒன்றைப் போட்டு, 'கோடி' என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அது சினிமாப் பெட்டி ஆகிவிடும். 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் இருந்ததுதான் இந்தக் கோடி. பெட்டியில் டிஸ்பிளே போர்ட் மட்டும் இருந்தால் எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் தேவை. டி.வி. ரிமோட்டுக்கு இந்தப் பெட்டிகள் பொதுவாகக் கட்டுப்படாது. கைபேசியையே கோடிக்கு ரிமோட் ஆக்கிக்கொள்ளலாம். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் இழுத்து வீட்டில் கிடக்கும் ஆம்ப்ளிபையரில் செருகினால் ஒலிக்குத் தனிச் செலவில்லை.

4கே டி.வி. என்பதற்காக 4கே ஓட வேண்டும் என்று செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம். நான்காம் தலைமுறைப் பெட்டி முழு எச்.டி. படத்தை நன்றாகவே ஓட்டும். எச்.இ.வி.சி. முறையில் சுருக்கிய படங்களில்தான் திணறும். புது கைபேசிகளில் எடுத்த கல்யாண வீடியோ அப்படி இருக்கலாம். ஏழாம் தலைமுறையில் அதுவும் சரியாக ஓடும். கட்டண ஓ.டி.டி. சேவைகள் சில லினக்ஸில் முழுத் தெளிவு தருவதில்லை. அவை மட்டுமே பார்க்கும் வீடு என்றால் டி.வி.யில் செருகும் ஸ்டிக் ஒன்று போதும், இந்தப் பாடே வேண்டாம். சொந்தமாகச் சேர்த்து வைத்த படங்கள், பழைய பாட்டுகள், குடும்ப வீடியோக்கள் உள்ளவர்களுக்கே கம்ப்யூட்டர்.

இடம் மாறும்போது கணக்கு மாட்டிக்கொள்ளக் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். பழைய டிஸ்க்கில் இருப்பது அந்தக் கணக்குத்தான். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து நூறு இருநூறு குறைத்துக்கொள்வது ஆபத்து. அழித்த டேட்டாவையும் மீட்டெடுப்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி, எந்த ஆண்டுக் கணக்கு என்று சீட்டு ஒட்டி, ஈரம் புகாத டப்பாவில் போட்டு பீரோவில் வையுங்கள். கூடவே வேறொரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகலும் இருக்கட்டும். 2 டி.பி. என்று எழுதி அடிமாட்டு விலைக்கு விற்கும் பென் டிரைவ்களை நம்பி அதில் நகல் எடுக்க வேண்டாம்.

கடைசியாக வரி. கடைப் பெட்டிக்கு வாங்கிய எஸ்.எஸ்.டி., ராம் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். வீட்டு டி.வி.க்குப் போன எஸ்.எஸ்.டி.க்கு அந்த வரவு கிடையாது. இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினாலும் தனித்தனி பில்லாகக் கேளுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரண்டிலுமே வரவு இல்லை.