கொலையாளி யார்? சொல்ல மாட்டேன்!

குட்டீஸ்... ஒரு துப்பறியும் படம் பார்க்கப் போகிறீர்கள். டிக்கெட் வாங்கி, முறுக்குப் பொட்டலமும் கையுமாக உட்கார்ந்தாயிற்று. விளக்கு அணைகிறது. அந்த நேரம் பார்த்துப் பின் வரிசையில் ஒருவன், 'டேய், அந்த டாக்டர்தான்டா கொலைகாரன்!' என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிறான். எப்படி இருக்கும்? முறுக்குகூடக் கசக்கும், இல்லையா?

படம் பார்க்க எல்லாருக்கும் தெரியும். பார்த்த படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது ஒரு தனிக் கலை. அதிலும் துப்பறியும் படம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இதைப் புரிந்துகொள்ள, உங்கள் தாத்தா, பாட்டி காலத்துத் தமிழ்ப் படம் ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

படத்தின் பெயர், 'அந்த நாள்!'

ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த இந்தப் படம், 1954-ம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. இயக்கியவர் எஸ்.பாலசந்தர். வீணை வாசிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். இத்தனை பெரிய சங்கீத வித்வான் எடுத்த படத்தில் எத்தனை பாட்டு தெரியுமா? ஒன்றுகூட இல்லை! நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாடல்களே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இதுதான்.

ஒரு படத்தில் பத்து, பதினைந்து பாடல்கள் சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. பாட்டுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பாட்டே இல்லாமல் படம் எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் ஜப்பானியர் குண்டு போட்ட பீதி. ரேடியோ இன்ஜினியர் ராஜன், தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். சுட்டது யார்? துப்பறிய வருகிறார் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். அந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்தின் திரைக்கதையையும் எழுதியவர்.

ராஜனுக்கு வேண்டியவர்கள், அக்கம்பக்கத்தவர் என்று ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார் சிவானந்தம். ஒருவர், 'இவர்தான் சுட்டிருப்பார்' என்கிறார். அந்த 'இவரோ' இன்னொருவரைக் கை காட்டுகிறார். நடந்தது ஒன்றுதான், சொல்கிற வாய்தான் வேறு. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950-ல் எடுத்த 'ராஷோமான்' படம், பாலசந்தருக்கு இந்த உத்தியைக் காட்டியது.

சரி, படம் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' படத்தில் 1952-ல் அறிமுகமாகி, இரண்டே வருடத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தார். அவரைப் பார்க்க ஆசை ஆசையாக வந்தார்கள் ரசிகர்கள். படம் ஆரம்பித்ததும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி சுருண்டு விழுகிறார்! 'கதாநாயகனே போய்விட்டார், இனி என்ன படம்?' என்று சிலர் கூச்சல் போட்டார்களாம். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டாம். சினிமா வரலாறு எழுதியவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பாவம், எழுந்து போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஒவ்வொருவரும் நடந்ததைச் சொல்லச் சொல்ல, சிவாஜி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார்!

இன்னொரு பக்கம், 'இப்படி ஒரு படம் வந்ததே இல்லை' என்று பாராட்டியவர்களும் இருந்தார்கள். தேசியத் திரைப்பட விருதுகளில் இந்தப் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. எழுபது வருடம் கடந்தும், தமிழின் சிறந்த படங்களைப் பட்டியல் போடுபவர்கள் 'அந்த நாள்' படத்தை விடுவதில்லை.

அப்படியானால் காசைத் திருப்பிக் கேட்டவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. அவர்கள் பாட்டையும் சிவாஜியையும் எதிர்பார்த்து வந்தார்கள், கிடைத்தது வேறு. விருந்துக்கு வந்தவர், இலையில் பாயசம் இல்லையே என்று கோபப்படுவது போலத்தான். ஆனால், 'நான் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை' என்பது வேறு. 'படம் நன்றாக இல்லை' என்பது வேறு.

பிரான்ஸ் நாட்டில் 2002-ல் 'எட்டுப் பெண்கள்' என்று ஒரு படம் வந்தது. இயக்கியவர் பிரான்சுவா ஓசோன். பனியில் சிக்கிய ஒரு வீடு, வீட்டுக்காரர் கொலை, உள்ளே எட்டுப் பெண்கள். அந்த எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு பாட்டுப் பாடுகிறார்கள்! சிரிக்கச் சிரிக்கப் போகும் கொலைக் கதை. (பெரியவர்களுக்கான படம், நீங்கள் வளர்ந்த பிறகு பார்க்கலாம்.) பாட்டு இல்லையே என்று அன்று இங்கே கோபம். கொலை நடந்த வீட்டில் பாட்டா என்று அதே ரசிகர் அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாரோ, என்னவோ!

மங்கலம்பேட்டைப் பக்கம் நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை, ஆறாம் வகுப்பில், 'நேத்துப் பார்த்த படம் எப்படிடா?' என்று கேட்டேன்.

'சூப்பர் சார்!' என்றான் ஒருவன்.

'மொக்கை சார்!' என்றான் அடுத்தவன்.

'ஏன்?' என்றேன். இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள்!

அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அது கருத்து. இல்லாவிட்டால் வெறும் சத்தம்.

துப்பறிவாளர் என்ன செய்கிறார்? முதலில் சந்தேகப்பட்டவரையே பிடித்து உள்ளே போடுவதில்லை. கடைசி வரை பார்க்கிறார், தடயம் தேடுகிறார், பிறகுதான் முடிவு சொல்கிறார். ரசிகரும் அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் காட்சியிலேயே தீர்ப்புச் சொன்னால், 'அந்த நாள்' போன்ற படம் கை நழுவிவிடும்.

பார்த்து முடித்ததும் ஒரு நோட்டில் இவற்றை எழுதிப் பாருங்கள்:

* என்ன எதிர்பார்த்துப் போனேன்?
* எனக்குப் பிடித்த இடம் எது? ஏன்?
* பிடிக்காத இடம் எது? ஏன்?
* யாரைச் சந்தேகப்பட்டேன்? எந்தத் தடயத்தைக் கவனிக்காமல் விட்டேன்?

கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள்!

லண்டனில் 1952-ல் தொடங்கிய, அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகத்தில், முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். 1955-ல் வந்த 'லே தியாபோலிக்' என்ற பிரெஞ்சு மர்மப் படமும் அதே வேண்டுகோளோடுதான் முடியும். முடிச்சை அவிழ்க்கும் சந்தோஷம் நமக்குக் கிடைத்தது போல, அடுத்தவருக்கும் கிடைக்க வேண்டாமா?

அது சரி, ராஜனைச் சுட்டது யார் என்று கேட்கிறீர்களா? அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து 'அந்த நாள்' பாருங்கள். நீங்களே கண்டுபிடிப்பீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன், குட்டீஸ்!