ஓடுகிறவரைப் படம் பிடிப்பது எப்படி?

"கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிட்டது" என்று நாம் பேச்சு வழக்கில் கூறுகிறோம். கண் ஒரு முறை இமைக்க, நொடியில் பத்தில் ஒரு பங்கேனும் ஆகிவிடும். விளையாட்டுத் திடலிலோ அதனினும் குறைந்த நேரத்தில் வெற்றியும் தோல்வியும் முடிவாகிவிடுகின்றன.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் நாட்டின் பி.டி. உஷா 55.42 நொடிகளில் ஓடி நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 நொடி. நூற்றில் ஒரு பங்கு நொடியில் பதக்கம் கைநழுவிற்று! இந்த வேறுபாட்டை மனிதக் கண் காண இயலாது; எல்லைக்கோட்டில் பொருத்தப்பட்ட காமிராவே கண்டு கூறும். அக்காமிரா ஓடுகிறவரைப் பின்தொடர்வதில்லை. ஒரு மெல்லிய பிளவின் வழியே எல்லைக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, அங்கு வருவோரை வரும் நேரப்படியே பதிவு செய்கிறது. விளையாட்டுப் படம் எடுக்க விரும்பும் நமக்கும் இதுவே முதற்பாடம்: துரத்தாதே, வரும் இடத்தில் காத்திரு.

பள்ளி விளையாட்டு விழாப் படங்களைப் பாருங்கள். பரிசு வாங்கும் காட்சி தெளிவாக இருக்கும். பரிசுக்குக் காரணமான ஓட்டமோ கலங்கித் தெரியும், அல்லது இராது. சுருளிப்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் திராட்சைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு விழாவிற்கு வர இயலாத தாய்மார் உண்டு. தம் மகள் ஓடியதை அவர்கள் காண்பது படத்தில் மட்டுமே. ஆகவே இக்கலையை நாம் அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, ஷட்டர் வேகம். 100 மீட்டரை 15 நொடியில் ஓடும் மாணவி, ஒரு நொடியில் ஏறக்குறைய 6.7 மீட்டர் கடக்கிறாள். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், அதற்குள் அவள் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாள். படம் கலங்குவது இதனால்தான். 1/1000 நொடி எனில் 7 மில்லிமீட்டர்கூட நகரமாட்டாள். குறுக்கே ஓடுபவரைப் படம் எடுக்க 1/1000 வேண்டும். நம்மை நோக்கி நேரே வருபவருக்கு 1/500 பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, வெளிச்சம். ஷட்டர் விரைந்து மூடினால் உள்ளே புகும் ஒளி குறையும். அதை ஈடுகட்ட லென்ஸின் துவாரத்தைப் பெரிதாக்கலாம், அல்லது ஒளியுணரும் திறனாகிய ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டலாம். துவாரத்தின் எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும் என்பதை நினைவிற்கொள்க. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/1000 என்றால் எஃப் 8 முதல் எஃப் 11 வரை பொருந்தும். நம் பள்ளத்தாக்கில் மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் வெளிச்சம் விரைவில் குறையும். அப்போது எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 1600 என்று மாற்றவேண்டும். படம் சற்றுப் புள்ளி புள்ளியாகத் தெரியலாம். ஆயினும் கலங்கிய படத்தைவிட அது மேல்.

மூன்றாவது, ஃபோகஸ். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, முன்கூட்டியே ஃபோகஸ் செய்தல். தடை ஓட்டத்தில் தடையின் கட்டைக்கும், நீளம் தாண்டுதலில் மணற்குழியின் விளிம்புக்கும், ஓட்டத்தில் எல்லைக்கோட்டிற்கும் ஃபோகஸ் செய்து நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். பல கைபேசிகளில் திரையின் அவ்விடத்தைச் சற்று நேரம் அழுத்தினால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். அவள் அவ்விடத்தை அடைவதற்குச் சற்று முன்னரே பொத்தானை அழுத்துக. விரலும் காமிராவும் இயங்கச் சிறிது நேரம் ஆகும் அன்றோ? எல்லைக்கோட்டில் தலையோ கையோ காலோ கணக்கில்லை. உடலின் நடுப்பகுதி கடப்பதே கணக்கு. எனவே மார்பு கோட்டைத் தொடும் கணமே நமக்கு வேண்டியது.

இரண்டு, தொடர் ஃபோகஸ். கபடியிலும் எறிபந்திலும் எவர் எங்குச் செல்வார் என்று முன்னதாகக் கூற முடியாது. புதிய காமிராக்களில் தொடர் ஃபோகஸ் முறையை வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி ஒருவரையே பின்தொடர்ந்தால், அவர் நகர நகர ஃபோகஸும் மாறிக்கொண்டே வரும்.

மூன்று, உடன் திரும்புதல். ஷட்டரை 1/60இல் வைத்து, ஓடுபவரின் வேகத்திற்கேற்ப இடுப்பிலிருந்து மேலுடலைத் திருப்பியபடியே எடுக்கவேண்டும். பின்னணி கோடுகளாக ஓட, ஓடுபவர் தெளிவாக நிற்பார். இதற்குப் பயிற்சி மிகவும் தேவை.

உயரம் தாண்டுதலில் ஒரு வசதி உண்டு. உச்சியில் ஒரு கணம் அவள் மேலும் ஏறாமல், கீழும் இறங்காமல் இருப்பாள். அக்கணத்திற்குக் காத்திருந்தால் குறைந்த ஷட்டர் வேகத்திலும் நல்ல படம் கிட்டும்.

சில எச்சரிக்கைகள்: குண்டும் தட்டும் எறியும் பகுதிக்குள் நுழையக்கூடாது. ஓடுதளத்தில் கால் வைக்கக்கூடாது. வீராங்கனையின் கண் கூசும்படி ஃப்ளாஷ் போடக்கூடாது.

இறுதியாக ஒன்று. முதலாவதாக வந்தவளைப் படம் எடுத்தவுடன் காமிராவை மூடிவிடவேண்டாம். கடைசியாக வருகிறவளும் அதே 100 மீட்டரைத்தான் ஓடுகிறாள். அவளுக்குப் பரிசளிப்புப் படம் இராது. ஓடிய படம் ஒன்றுதான் இருக்கும். அதைக் காண அவள் தாயும் ஆவலுடன் இருப்பார். அவள் வந்து சேரும் வரையிலும் காத்திருப்போமாக!