கெட்டது போர்ட்டா, அடைபட்டது மடையா?



நாஞ்சில் நாட்டு உழவர் ஒருவரிடம், "கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலை வெட்டப் போகமாட்டார். கரையோடு மேலே நடந்து போய், தலைமடையில் பலகை இறக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பலகை இறங்கியிருந்தால், கீழே எத்தனை முறை தூர் வாரினாலும் ஒரு சொட்டு நீர் வராது என்பது அவருக்குத் தெரியும்.

மடிக்கணினிக்குள்ளும் இத்தகைய தலைமடை ஒன்று உண்டு. 'பயாஸ் செட்டப்' என்று நாம் அழைக்கும் அமைப்பு நிரலே அது. அதைப் பற்றித் தெரியாமையால் ஒரு வீட்டில் சில ஆயிரம் ரூபாய் வீணாக இருந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

எங்கள் சுசீந்திரத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி, தந்தை வாங்கித் தந்த பழைய மடிக்கணினியுடன் ஒரு மாலை என் வீட்டிற்கு வந்தாள். ஏதோ ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்துவிட்ட பொறி அது. திரை, விசைப்பலகை எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால், பென் டிரைவைச் செருகினால் ஒன்றும் நிகழவில்லை. பழுதுபார்க்கும் கடையொன்றில் காட்டியிருக்கிறார்கள். "போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லி, அவர்கள் கேட்ட தொகை கணினியின் விலையில் பாதி. தந்தை அதைத் திருப்பிக் கொடுத்துவிடவும் தயாராகிவிட்டார். மறுவாரம் அவள் தன் செய்முறைத் திட்டக் கட்டுரையைப் பென் டிரைவில் ஒப்படைக்க வேண்டும்.

நான் அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். "இரண்டு பக்கத்துப் போர்ட்டுகளுமா வேலை செய்யவில்லை?" "ஆமாம் சார்." "காமிரா வேலை செய்கிறதா?" "அதுவும் இல்லை சார்." ஒரு போர்ட் உடைவது இயல்பு. இரு பக்கப் போர்ட்டுகளும் காமிராவும் ஒருசேரப் பழுதாவது அரிது. ஆகவே, யாரோ மேலே மடையை அடைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஐயம் எழுந்தது.

முதலில் விழிக்கும் நிரல்

மடிக்கணினியின் பொத்தானை அழுத்தியவுடன் விண்டோஸோ லினக்ஸோ எழுந்துவிடுவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அந்த நொடியில் கணினியின் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. வன்தட்டு எங்கே இருக்கிறது என்பதுகூடச் செயலிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான். இன்டெல் வகைச் செயலிகளில் அது 4 கிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ளது. அங்கிருந்து முதல் கட்டளையைப் படி என்று செயலியைச் செய்யும்போதே விதித்துவிடுகிறார்கள்.

அந்த முகவரி, தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய பிளாஷ் சில்லுக்கு நம்மைக் கொண்டு செல்கிறது. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழியாது. அதிலுள்ள நிரல்தான் நினைவகத்தைப் பதப்படுத்துகிறது, திரையை ஒளிரச் செய்கிறது, உறுப்புகளைச் சோதிக்கிறது, இறுதியில் வன்தட்டைக் கண்டுபிடித்து விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதற்குப் பழைய பெயர் பயாஸ். இன்றைய கணினிகளில் இருப்பது அதன் வாரிசான யூ.இ.எப்.ஐ. ஆயினும் பழைய பெயரே பேச்சில் நிலைத்துவிட்டது.

இந்த நிரலிடம், "எந்தெந்த உறுப்பை எழுப்ப வேண்டும், எதை உறங்கவிட வேண்டும்" என்று நாம் சொல்லி வைக்கும் இடமே செட்டப்.

எண்ணோடு எண் மோதிய காலம்

1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி வந்தபோது செட்டப் திரை கிடையாது. கணினியைத் திறந்து, பலகையிலுள்ள சின்னஞ்சிறு சுவிட்சுகளை விரல் நுனியால் தள்ளி வைக்க வேண்டும். 1984-இல் வந்த ஏ.டி. கணினியில்தான் அமைப்புகளை ஒரு சில்லில் சேமிக்கும் முறை வந்தது. அச்சில்லில் இருந்தவை 64 பைட்டுகளே. அவற்றுள் 14 கடிகாரத்துக்கு, மீதி 50 அமைப்புகளுக்கு. மின்சாரம் இல்லாதபோதும் இவை அழியாதிருக்க ஒரு மின்கலம் துணை நின்றது. இன்றும் கணினிக் கடிகாரத்தை ஓட்டுவது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். இந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி கிடைக்கிறது அல்லவா?

1990-களின் மடிக்கணினிகளில் செட்டப்பின் வேலை இன்னும் கடினம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு முகவரியும், செயலியை அழைக்க ஒரு மணியும் ஒதுக்க வேண்டும். முதல் தொடர் போர்ட்டுக்கு 4-ஆம் மணி, இரண்டாவதற்கு 3-ஆம் மணி, அச்சுப்பொறிப் போர்ட்டுக்கு 7-ஆம் மணி என்பது வழக்கம். மூன்றாவது தொடர் போர்ட் ஒன்றைச் சேர்த்தால் அதற்கும் 4-ஆம் மணியே போய்விடும். ஒரே மணியை இருவர் அடித்தால் கதவைத் திறப்பவர் யாரை உள்ளே அழைப்பார்? மோடம் தொலைபேசி எண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் மவுஸ் அசையாமல் நின்றுபோன நிகழ்ச்சிகளை அந்தத் தலைமுறையினர் நன்கு அறிவர். கேட்டால், "மவுஸ் கெட்டுப்போயிற்று" என்பார்கள். மவுஸ் கெடவில்லை, மணிதான் மோதியது.

வருகைப் பதிவேடு

இன்று எண் ஒதுக்கும் வேலையைக் கணினியே செய்துகொள்கிறது. எப்படி? வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதைப் போலத்தான்.

தாய்ப்பலகையின் உட்பாதையில் ஒவ்வோர் இருக்கையாக, "நீ யார்?" என்று நிரல் கேட்டுக்கொண்டே போகிறது. அங்கே உறுப்பு இருந்தால், தன்னைச் செய்த நிறுவனத்தின் அடையாள எண்ணை விடையாகத் தருகிறது. இன்டெல் நிறுவனத்துக்குரிய எண் பதினாறின் அடிமானத்தில் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே! இருக்கையில் யாரும் இல்லையென்றால், பதினாறு பிட்டுகளும் 1 ஆகவே திரும்பி வரும். அந்த எண் எந்த நிறுவனத்துக்கும் தரப்படவில்லை. ஆகவே, "இங்கே எவரும் இல்லை" என்று நிரல் முடிவு செய்கிறது.

இப்போது செட்டப்பில் ஓர் உறுப்பை அடைத்தால் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே, அந்த உறுப்புக்குரிய பதிவகத்தில் ஒரு பிட்டை மாற்றி, பயாஸ் அதை அணைத்துவிடுகிறது. பிறகு விண்டோஸ் பதிவேட்டை எடுக்கும்போது அந்த இருக்கையிலிருந்து விடை வருவதில்லை. உறுப்பு நல்ல நிலையில்தான் இருக்கிறது, பட்டியலில்தான் இல்லை. எந்த டிரைவரை நிறுவினாலும், விண்டோஸையே புதிதாகப் போட்டாலும் அது திரும்பி வராது. மேலே பலகை இறங்கியிருக்க, கீழே வாய்க்காலைத் தூர் வாருவது போன்ற வேலை அது.

நான்கு கம்பிகள்

யூ.எஸ்.பி. போர்ட்டில் நம் இயற்பியல் பாடமே ஒளிந்திருக்கிறது. யூ.எஸ்.பி. 2.0 வடத்தில் இருப்பவை நான்கு கம்பிகள். ஒன்று 5 வோல்ட், ஒன்று தரை, மற்ற இரண்டும் தகவல் கம்பிகள். கணினியின் பக்கம் ஒவ்வொரு தகவல் கம்பியும் 15 கிலோ ஓம் மின்தடை வழியாகத் தரையோடு இணைந்திருக்கும். ஆகவே, எதுவும் செருகாதபோது அதன் மின்னழுத்தம் சுழி. பென் டிரைவுக்குள் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று, ஒரு தகவல் கம்பியை 3.3 வோல்ட்டுடன் இணைக்கிறது. செருகியவுடன் அக்கம்பியின் மின்னழுத்தம் என்னவாகும்? தொடர் மின்தடைக் கணக்கைப் போடுங்கள்:

3.3 × 15 ÷ (15 + 1.5) = 3 வோல்ட்.

சுழியிலிருந்து 3 வோல்ட்டுக்கு ஏறிய இந்த மாற்றத்தைக் கண்டே, "யாரோ வந்திருக்கிறார்" என்று கணினி அறிகிறது. செட்டப்பில் போர்ட்டை அடைத்துவிட்டால் இம்மாற்றத்தைக் கவனிக்க ஆள் இல்லை. ஆனால், சில கணினிகளில் 5 வோல்ட் கம்பி மட்டும் உயிரோடு இருக்கும். அந்த மாணவியின் கணினியில் மவுஸைச் செருகிப் பார்த்தேன். அடியில் சிவப்பு ஒளி எரிந்தது. திரையில் அம்பு நகரவில்லை. மின்சாரம் வருகிறது, பேச்சுதான் இல்லை. என் ஐயம் வலுத்தது.

ஏன் அடைக்கிறார்கள்?

நல்ல போர்ட்டை ஓர் அலுவலகம் ஏன் அடைக்க வேண்டும்? நமக்கு அருகிலுள்ள கூடங்குளத்தை எடுத்துக்கொள்வோம். 2019 செப்டம்பரில் இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது கண்டறியப்பட்டது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த கணினி என்றும், முக்கியமான உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் அமைப்புகளுக்குத் தீங்கில்லை என்றும் கழகம் அக்டோபர் 30-இல் அறிவித்தது. இணையத்திலிருந்து பிரித்து வைப்பது எத்தனை தேவை என்பது இதனால் விளங்கும்.

ஆனால், இணையம் இல்லாத கணினிக்கும் ஒரு வாசல் மிஞ்சுகிறது. அதுதான் யூ.எஸ்.பி. போர்ட். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் பென் டிரைவுகள் வழியாகவும் பரவக்கூடியது. ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தை அது தாக்கியது. ஆகவேதான் பல அலுவலகங்கள் போர்ட்டையும் காமிராவையும் செட்டப்பிலேயே அடைத்துவிடுகின்றன. கணினியை விற்கும்போது திறந்துவிட மறந்துவிடுகின்றன.

நீங்களே பார்க்க

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அதன்பின் நம் மாநிலத்தில் மடிக்கணினி நுழையாத தெரு அரிது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், பெரியவர்களின் இசைவோடு இதைச் செய்து பாருங்கள். பள்ளிக் கணினியாயின் ஆசிரியரின் இசைவு கட்டாயம்.

முதலில் விண்டோஸின் 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலைத் திறவுங்கள். உறுப்பின் பெயருக்கருகே மஞ்சள் நிற வியப்புக்குறி இருந்தால், பெரும்பாலும் டிரைவரில் கோளாறு. கீழ்நோக்கிய அம்பு இருந்தால், விண்டோஸிலேயே யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். பெயரே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: உறுப்பு உண்மையாகவே பழுது, அல்லது செட்டப்பில் அடைப்பு. இவ்விரண்டில் செலவில்லாமல் சோதிக்கக் கூடியது எது? அதையே முதலில் சோதிக்க வேண்டும்.

செட்டப்பைத் திறக்க, பொத்தானை அழுத்தியவுடன் எப்2 அல்லது டெலீட் விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். சில கணினிகளில் எப்1, எப்10, எஸ்கேப் ஆகிய விசைகளுள் ஒன்று. உள்ளே சென்றதும் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். சேமித்து, வெளியே வந்து, விளைவைப் பார்த்த பிறகே அடுத்தது. ஆய்வகத்தில் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றுகிறோமே, அதே விதி.

தொடக் கூடாதவையும் சில உண்டு. வன்தட்டின் 'சாட்டா' முறையை மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம். கடவுச்சொல் போட்டு மறந்துவிடாதீர்கள். பல மடிக்கணினிகளில் மின்கலத்தைக் கழற்றினாலும் அது அழியாது. பூட்டும் முறைகளை மாற்றினால், வன்தட்டைக் குறியாக்கம் செய்து வைத்திருக்கும் விண்டோஸ், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். பிளாஷ் சில்லிலுள்ள நிரலைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றுவிடக் கூடாது. 1999 ஏப்ரல் 26-இல் சி.ஐ.எச். என்னும் வைரஸ், பல கணினிகளில் அந்த நிரலைக் குப்பையால் நிரப்பிவிட்டது. அத்தகைய கணினிகளில் பொத்தானை அழுத்தினாலும் முதல் கட்டளையைச் சொல்லித் தர ஆளில்லை.

இனி நம் மாணவியின் கதைக்கு வருவோம். செட்டப்பைத் திறந்தோம். நல்லவேளையாகக் கடவுச்சொல் இல்லை. உறுப்புகள் பக்கத்தில், வெளி யூ.எஸ்.பி. போர்ட்டுகளுக்கும் காமிராவுக்கும் எதிரே 'டிஸேபிள்டு' என்றிருந்தது. முதலில் போர்ட்டுகளை மட்டும் திறக்கச் சொன்னேன். அவளே மாற்றி, எப்10 தட்டிச் சேமித்தாள். கணினி மீண்டும் எழுந்தது. பென் டிரைவைச் செருகினாள். அதன் பெயர் திரையில் வந்தது.

"சார், அப்போ போர்டு போகலையா?" என்றாள். "போகவில்லை. யாரும் மேலே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்" என்றேன். காமிராவையும் திறக்கலாமா என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, "அது அடைத்தே இருக்கட்டும் சார், வேண்டும்போது திறந்துகொள்கிறேன்" என்றாள். மடை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும்.