காயலான் கடைக்குப் போடுமுன்...

ராஸ் தீவு (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) சென்றவர்கள் அங்குள்ள பாழடைந்த தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் பீடத்துக்குப் பின்னே இத்தாலி நாட்டு வண்ணக் கண்ணாடி இருந்ததாம். இன்று வெறும் சுவரே மிச்சம்.

இத்தாலியில் கண்ணாடிக்குப் பேர்போனதும் ஒரு தீவுதான்: வெனிஸ் நகரை அடுத்த முரானோ. தீ விபத்துக்கு அஞ்சி 1291-ல் உலைகளை அங்கே மாற்றினார்கள். தொழில் ரகசியம் போய்விடாதிருக்க, கைதேர்ந்தவர்கள் தீவை விட்டு வெளியேறத் தடை!

1950, 60-களில் அங்கே ஊதிச் செய்த மேஜை விளக்குகளை இன்று பல நாட்டாரும் தேடிச் சேர்க்கிறார்கள். போலிகளும் உண்டு, ஒட்டியுள்ள சீட்டை மட்டும் நம்பலாகாது. கைவேலையானால், கம்பியிலிருந்து பிரித்த தழும்போ, அதைத் தேய்த்த அடையாளமோ பெரும்பாலும் அடியில் இருக்கும்.

நம் வீட்டிலும் தாத்தா காலத்துக் கண்ணாடி விளக்கு கிடக்கலாம். காயலான் கடைக்குப் போடுமுன் அடியை ஒருமுறை பாருங்கள்.